கைப்பிடி மண்

ஜெயசிங் வாத்தியாருக்குக் கருப்பட்டிக் காப்பி பிடிக்கும். வீட்டுக்கு வந்த போதெல்லாம் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சிவனாண்டி. திரேஸ்புரத்தில் சங்கு குளித்தே தலை நரைத்தவன். இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மகன் செத்த பிறகு மருமகள் மீன் கம்பெனி வேலைக்குப் போகிறாள். பேத்தி பேச்சிச்செல்வி என்னோடு இருக்கிறாள். எட்டாவது. சங்கில் சதை நீக்கிக் கழுவிப் போட வீட்டில் ஆள் வேண்டும். அதனால் அவள் பள்ளிக்கூடம் போன நாள் கொஞ்சம், போகாத நாள் அதிகம். ஆனாலும் வருஷா வருஷம் பாஸ். கேட்டால் சட்டம் என்கிறார்கள். எட்டு வரைக்கும் ஒருத்தரையும் பெயிலாக்கக் கூடாதாம். டெல்லியில் அதை மாற்றிவிட்டார்கள், எட்டிலேயே நிறுத்தி வைக்கலாம் என்று. நம் ஊரில் அதெல்லாம் கிடையாது, எல்லாரும் பாஸ்தான் என்று இங்கே சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் ஒருத்தன் பேப்பர் வாசிக்கக் கேட்டேன்.

எனக்கு அது பிடிக்கவில்லை. மூட்டையைப் பிரிக்காமலே நல்ல சரக்கு என்று சொல்லுகிற வியாபாரியை நான் நம்பினது கிடையாது. பிள்ளைக்கு பி கிரேடு போட்டிருந்தார்கள். சோப்பு உறையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். முழித்தாள்.

பேத்தியைப் பள்ளிக்கூடம் அனுப்பச் சொல்லி அடுத்த தடவை வாத்தியார் வந்தபோது கேட்டேன்.

"ஏன் வாத்தியாரே, வராத பிள்ளைக்கு என்ன கணக்குல கிரேடு போட்டீரு?"

"சட்டம் அப்படி அண்ணாச்சி. பெயிலாக்கிட்டா படிப்பையே விட்டுரும்னுதான் அப்படி வச்சிருக்கு. வந்தாத்தான சொல்லிக் குடுக்க முடியும்? ஒம்பதாவதுல நெசப் பரீட்சை. இப்பவே அனுப்புங்க."

"சும்மா பாஸ் போடுத ஆளு பேச்சை நம்பச் சொல்லுதீராக்கும்."

அவர் சிரித்தார். "சும்மா பாஸ் போடாதன்னு சொல்லுததும் நீங்கதான், பிள்ளைய சங்கு கழுவ வைக்கதும் நீங்கதான். நான் என்னத்தச் செய்ய?"

உள்ளே பிள்ளை சிரித்தது எனக்குக் கேட்டது. அது ஒரு பெரிய விஷயம் இல்லை.

எங்கள் தொழிலில் பாஸ் போடுகிற விதம் வேறு. தண்ணீருக்கடியில் மூச்சு விடக் காற்றுக் குழாய் வந்த பிறகும் என் படகில் முதல் நாள் இதுதான். புது ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்க வேண்டும். அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் அள்ள வேண்டும். வெறுங்கையோடு வந்தால் தரையைத் தொட்டேன் என்று சத்தியம் செய்தாலும் செல்லாது. அள்ளியதும் அவன் கயிற்றைச் சுண்டுவான். மேலே பிடித்திருப்பவன் அந்த நிமிஷமே இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவனுக்கு யோசனையே கூடாது.

"உமக்கு அந்தப் பரீட்சை வச்சா தேறுவீரா?" என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் நாசரேத் ஊர்க்காரர், கிணற்றில் மட்டும் நீந்தியவர். கொஞ்சம் யோசித்தார்.

"நான் மண்ணு கொண்டுவந்தா பேச்சிச்செல்விய தெனமும் அனுப்புவியளா?"

அனுப்புவேன் என்றேன். பேத்தி கதவோரம் வந்து நின்று, "வேண்டாம் சார்" என்றாள்.

"ஏளா, சாருக்குத் தெரியும். நீ போயி சங்கப் பாரு."

சனிக்கிழமை காலையில் போனோம். தண்ணீர் நல்ல தெளிவு. இஞ்சின் பார்க்க வன்னியபெருமாள் இருந்தான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்து, சட்டையை மடித்து, காற்றில் பறக்காமல் அதன்மேல் செருப்பை வைத்தார். ஒழுங்கான மனுஷன். ஆளைச் சீக்கிரம் அடிக்கு இறக்குகிற கல்லை நான் கட்டினேன். பழகியவர்களுக்குக் கல்லில் கால் நுழைக்க ஒரு வளையம் போதும், அடிக்குப் போனதும் காலை உருவிக்கொள்வார்கள். வாத்தியாருக்கு இடுப்பிலேயே முடிச்சுப் போட்டேன். பாதியில் கல்லை விட்டுவிட்டு மேலே வந்து ஏமாற்றக் கூடாது அல்லவா.

"முடிச்சு இறுக்கமா இருக்கே அண்ணாச்சி."

"இருக்கட்டும்."

வன்னியபெருமாள் உங்களிடம் சொன்னது பொய் இல்லை. அவர் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கயிறு சுண்டியது. என் உள்ளங்கையில் நன்றாகத் தெரிந்தது.

"அண்ணாச்சி, கயிறு அசையுது."

"நீரோட்டம்லே."

சுண்டிய உடனே இழுத்துவிட்டால் அது என்ன பரீட்சை. அவர் போட்ட பாஸ் மாதிரிதானே அதுவும் ஆகிப்போகும். கொஞ்சம் கஷ்டப்பட்டு வரட்டும் என்று நினைத்தேன். மறுபடியும் சுண்டியது. அதற்கப்புறம் சுண்டவில்லை, உதறியது. வன்னியபெருமாள் கயிற்றைப் பிடுங்க வந்தான். நான் அதைக் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டேன். அவன் என்னைக் கெட்ட வார்த்தையில் ஏசினான். இளவட்டம், நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கயிறு அமைதியான பிறகு காலை எடுத்தேன். அவனோடு சேர்ந்து நானும்தான் இழுத்தேன். அதையும் எழுதுங்கள்.

பேத்தி இப்போது என்னோடு பேசுவதில்லை. சங்கையும் தொடுவதில்லை. வாத்தியாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்குப் போ என்று நானே சொல்லிப் பார்த்தேன். என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். தானாகச் சரியாகிவிடுவாள்.

நீர் கொன்றீரா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கல்லை இடுப்பில் கட்டியது நான். அவர் சுண்டியது எனக்குத் தெரியும். கயிறு என் காலுக்கடியில்தான் இருந்தது. அதற்குப் பெயர் கொலை என்றால் கொன்றேன் என்றே எழுதுங்கள், கைநாட்டு வைக்கிறேன். ஆனால் இன்னொன்றையும் விடாமல் எழுத வேண்டும். படகில் கிடத்தியபோது அவருடைய வலது கை மூடியிருந்தது. விரல்களை நான்தான் பிரித்தேன். உள்ளே நிறைய மண் இருந்தது. வாத்தியார் பாஸ் என்று வன்னியபெருமாளிடம் அப்போதே சொன்னேன்.

நான் யாருக்கும் சும்மா பாஸ் போடுகிற ஆள் இல்லை.