எல்லைக்கோட்டில் ஒரு கதவு

மின்விசிறி ஓடட்டும் ஐயா, அந்தச் சத்தம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இருபத்திரண்டு வருடம் சலவைக்கூடம் நடத்தியவன் நான். மெஷின் ஓடாத இடத்தில்தான் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

கூலி விஷயத்தில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை. சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலியைத் தேதி தவறாமல் கொடுத்தேன். ஆனால் அந்தக் கூலி இரண்டு விதம். மாநிலம் முழுவதற்கும் ஒன்று. நகர எல்லைக்குள் வேலை செய்கிறவர்களுக்கு நகரசபை வைத்தது இன்னொன்று, அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. எங்கள் கட்டடமோ எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நில அளவை அலுவலகத்தில் மூன்று நாள் கால்கடுக்க நின்று வரைபடம் வாங்கினேன். கோடு சரியாக எங்கள் நடுச்சுவர் வழியாகப் போனது. முன்கூடம் நகரத்துக்குள், பின்கூடம் வெளியே. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

துவைப்பது, காயவைப்பது, இஸ்திரி, மடிப்பு எல்லாவற்றையும் பின்கூடத்துக்கு மாற்றினேன். முன்கூடத்தில் நானும் மேசையும், மடித்து வந்ததை அடுக்கும் அலமாரியும் மட்டும். வேலைக்கு மூன்று பேர். பாய்லர்காரர் ஒருவர். மடிப்பு வேலைக்கு நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடும் அம்மாள். மூன்றாவது என் மனைவியின் தங்கை. வீட்டுக்காரன் விட்டுவிட்டுப் போன பிறகு அவள் எங்களோடுதான் இருந்தாள்.

பாய்லர்காரர் குசும்பு பிடித்தவர். "முதலாளி, அங்க நின்னு தும்மினா கூலி ஜாஸ்தி, இங்க நின்னு தும்மினா கம்மியா?" என்பார். நானும் சிரிப்பேன்.

ஆனால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் எல்லைக்குள் வேலை பார்த்தாலே அந்த நேரத்துக்கு நகரக் கூலி தரவேண்டும் என்று விதி. பெரியக்காவுக்கு அது மண்டையில் ஏறவில்லை. மடித்த விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்கு வந்துவிடுவார்.

"அங்க மூச்சு முட்டுது தம்பி. இங்க கொஞ்சம் காத்து வருது" என்பார்.

சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், நடுக்கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கும். மடித்த கட்டுகளை எடுக்கும்போது மட்டும் திறப்பேன். பின்கூடத்துக்குப் பின்தெருவில் வேறு கதவு இருந்தது. நான் யாரையும் அடைத்து வைக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு யாரோ மனுப் போட்டார்கள், பின்கூடத்து ஆட்கள் முன்கூடத்திலும் வேலை பார்க்கிறார்கள் என்று. அது நிரூபணமானால் மூன்று வருடத்து வித்தியாசத்தையும் அபராதத்தையும் கட்டவேண்டும். கடையை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான். நகரசபை ஆய்வாளருக்கு முன்கூடத்தில் மட்டும்தான் அதிகாரம். அவர் வருகிற தேதி தெரிந்ததும், விரிப்புகள் அடுக்கும் அலமாரியை நடுக்கதவின் முன்னால் நகர்த்தி வைத்தேன். சக்கரம் வைத்த அலமாரி. ஒரு கையால் தள்ளலாம்.

அவர் பதினொரு மணிக்கு வந்தார். மரியாதையான மனிதர், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அன்று பார்த்து ஆஸ்பத்திரி வண்டி இரண்டு நாள் அழுக்குத் துணியையும் சேர்த்து இறக்கியிருந்தது. மூட்டைகள் பின்தெருக் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தன, டிரையரை ஒட்டி. டிரையரில் சேரும் பஞ்சுத்தூசியைத் தினமும் எடுக்கவேண்டும், இல்லையென்றால் சூட்டில் பற்றிக்கொள்ளும். மூன்று பேரை வைத்துக்கொண்டு எல்லாம் தினமும் நடக்குமா?

அவர் பதிவேட்டின் பாதியில் இருந்தபோது தட்டும் சத்தம் கேட்டது. பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

"என்னங்க அது?"

"நீராவிக் குழாய் சார். சூடேறினா இப்படித்தான் தட்டும்" என்றேன்.

அது பொய் இல்லை. குழாய் தட்டத்தான் செய்யும். ஆனால் குழாய் ஒரே சீராகத் தட்டும். இது அப்படி இல்லை. கருகல் வாசனையும் வந்தது. இஸ்திரி போடுகிற இடத்தில் அது எப்போதும் இருப்பதுதான் என்று அவர் நினைத்திருப்பார். நான் அப்படி நினைக்கவில்லை.

தீக்குப் பயந்து ஓடி வருகிறவர்களை வேலைக்கு வந்தவர்கள் என்று எந்த ஆய்வாளரும் எழுதமாட்டார் என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அலமாரியை நகர்த்தினால் பூட்டைப் பார்ப்பார். பூட்டு எதற்கு என்று கேட்பார். இன்னும் பத்து நிமிடத்தில் அவர் போய்விடுவார், போனதும் திறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "நகர எல்லைக்குள் பணியாளர் எவரும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. வாசல்வரை போய் வழியனுப்பினேன். அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றேன். சட்டென்று திரும்பி ஓடினால் சந்தேகம் வருமல்லவா? திறந்தபோது மூன்று பேரும் கதவடியில் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன்.

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவ உங்களைக் கூப்பிட்டாளாங்க?"

இல்லை, மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றேன். நேற்று உங்களிடமும் அதையேதான் சொன்னேன். இப்போது மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். முதலில் சத்தமாகக் கூப்பிட்டாள், "மாமா, கதவத் திறங்க" என்று. ஆய்வாளர் அப்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், தெருவில் லாரி போனது. நான் திறக்காததால், நான் கடையில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிறகு மெதுவாக, வீட்டில் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"மாமா, இருக்கீங்களா?"

இருந்தேன் ஐயா.