மாப்பிள்ளை வாங்காத கதிர்வீச்சு

என் பெயரும் கதவு எண்ணும் மேலே குறிக்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்தேழு. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், மாடிப்படி வெளிப்புறமாக உள்ள வீட்டில் கணவருடனும் இரண்டு மகள்களுடனும் குடியிருக்கிறேன். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவின் பொறுப்பாளராக வேலை பார்க்கிறேன். பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே அக்கா என்றால் தெரியும். விசாரித்ததில் நான் சொல்வதாவது:

என் பிரிவில், சின்னவர் என்று நாங்கள் கூப்பிடும் இளைஞர் ஒருவர் வேலை செய்கிறார். அவருக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. எக்ஸ்ரே அறையில் வேலை செய்யும் எல்லோரும் நெஞ்சுப் பக்கம் சிறிய பேட்ஜ் ஒன்று அணிவோம். அது நம்மைக் காப்பாற்றாது. நம் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்குச் சொல்லும், அவ்வளவுதான். சோதனைக்குப் போன சின்னவரின் பேட்ஜ், அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு காட்டியதாகப் பதில் வந்தது. அதன் பிறகு விதிப்படி அவரைக் கருவிப் பக்கம் விடாமல் பதிவு மேசையில் உட்கார வைத்தோம். அங்கே முட்டிவலிக்குப் படமெடுக்க வந்த பெண் வீட்டு உறவினர் விஷயத்தைக் காதில் வாங்கி, கண், காது, மூக்கு வைத்துப் பெண்ணின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். பேச்சு வீடு போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை இருட்டில் மின்னுகிறார், குழந்தையே பிறக்காது என்று ஆகிவிட்டது. அதன் பிறகுதான், நோயை மறைத்துத் தன் மகளை ஏமாற்றப் பார்த்ததாக அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

இன்று காலை இன்ஸ்பெக்டரும் ஏட்டும், புகார் கொடுத்தவரும் அவர் மகளும் எங்கள் பிரிவுக்கு வந்தார்கள். ஏட்டு மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க சார், மெஷின் ஓடல."

"இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் ரூமுக்குள்ள தங்கி இருக்காதா மேடம்?"

"லைட்டை அணைச்சப்புறம் வெளிச்சம் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குமா சார்?"

அதன் பிறகு அவர் உள்ளே வந்தார். ஆனால் இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார். கதிருக்கு மறைப்பும் ஒரு பாதுகாப்புதான் என்பதால் நான் அதைக் குறை சொல்லவில்லை.

கதிர் பட்டால் உடம்பின் செல்கள் அடிபடும், சின்ன அடியைப் பெரும்பாலும் அவையே சரிசெய்துகொள்ளும் என்று எல்லோருக்கும் விளக்கினேன். பேட்ஜ் காட்டிய அளவு உடம்பிலும் பட்டிருந்தால், ரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குள் உள்ள குரோமோசோம்கள் உடைந்து தாறுமாறாக ஒட்டியிருக்கும் என்றும், சின்னவரின் ரத்தத்தில் அப்படி எதுவும் இல்லை என்று முடிவு வந்துவிட்டது என்றும் சொன்னேன். பெண்ணின் அப்பா மசியவில்லை.

"சம்பந்தம் பேச வந்தப்ப, பேட்ஜைக் கழட்டவே மாட்டேன்னு மாப்பிள்ளையே சொன்னாரு. அப்ப பேட்ஜுல பட்டது அவர் மேல படாம எங்கம்மா போச்சு?"

நியாயமான கேள்வி. சின்னவரும், கழட்டவே இல்லை என்று சத்தியம் செய்து தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். நிச்சயம் முறிந்துவிடும் என்றே நினைத்தேன்.

அதன் பிறகு, வேலைக்கு எப்படித் தயாராவாரோ அப்படியே செய்து காட்டும்படி சின்னவரிடம் சொல்லி, புதிய பேட்ஜ் ஒன்றைக் கையில் கொடுத்தேன். படமெடுக்கும்போது கதிரைத் தடுக்க உடம்பின் மேல் கட்டிக்கொள்ளும் ஈய ஏப்ரனை அவர் ஆணியிலிருந்து எடுத்து, பேட்ஜை அதன் உட்பக்கத்தில் குத்தினார். சட்டையில் குத்துவதுதான் வழக்கம்.

"சட்டையில குத்தினா துவைக்கப் போட்டு மறந்துடுவேன்க்கா. ஏப்ரன்லயே இருந்தா கழட்டவே வேண்டாமில்ல."

எனக்குப் பொறி தட்டியது. ஏப்ரனுக்குள் இருக்கும் ஈயத் தகட்டில் விரிசல் உண்டா என்று பார்க்க, அந்த ஏப்ரனையே மேசையில் விரித்துப் படமெடுப்போம். இம்முறை, பேட்ஜ் சோதனைக்குப் போகும் முன், அந்த வேலையைச் செய்தவர் சின்னவர். அதன் பிறகு நான் கம்ப்யூட்டரில் அவருடைய ஏப்ரன் படத்தைத் திறந்தேன். ஏப்ரனின் வெள்ளைக்கு நடுவில், ஊக்கு முதல் உள்தகடு வரை பளிச்சென்று பேட்ஜ் இருந்தது. விரிசல் மாதிரி ஒரு கோடு தெரிந்ததால் சந்தேகம் தீர அதே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். கோடு வெறும் துணி மடிப்பு. அத்தனை முறையும் அவர் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பத்திரமாக நின்றிருக்கிறார். பேட்ஜ் மட்டும், உட்பக்கம் மேலே தெரிய விரித்த ஏப்ரனோடு, மேசையில் மல்லாந்து கிடந்து கதிரை வாங்கியிருக்கிறது.

முதலில் சிரித்தவர் ஏட்டு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சின்னவரை நான் திட்டிய வார்த்தைகளை எழுத வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா மட்டும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "அப்ப கழட்டவே மாட்டேன்னு சொன்னது பொய்தானே?" என்றார்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்த மகள் சொன்னார்: "கழட்டினதாலதான்பா நல்லா இருக்காரு."

அதன் பிறகு புகாரைத் திரும்பப் பெற எங்கே எழுத வேண்டும் என்று கேட்டு, பெண்ணின் அப்பா மாப்பிள்ளையிடமே பேனா வாங்கினார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி உள்ளது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை; அத்தனையும் உண்மை.

ஒப்பம்: எக்ஸ்ரே பிரிவுப் பொறுப்பாளர்
என் முன்பாக: காவல் ஆய்வாளர்