பாதியில் எழுந்து வந்த நாடகம்

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள். அக்கா, கணவரோடு லண்டன் போய், அங்கே டாக்டராக இருக்கும் மகனைப் பார்த்துவிட்டுப் போன மாதம் திரும்பியிருந்தாள்.

“பாதி டிராமாவப் பாத்துட்டு ஊர் பூரா கத சொல்லிக்கினு இருக்காரு உங்க மாமா,” என்றாள்.

“பாதியா?”

“புள்ளைக்கு ஆஸ்பத்திரியில டூட்டி. எங்க ரெண்டு பேரையும் அங்க ஒரு டிராமா கொட்டாயில உக்கார வெச்சிட்டு, முடிஞ்சதும் வந்து கூட்டிக்கினு போறேன்னான். பாஷை ஒண்ணும் புரியல. டிராமாவுல ஒரு பொண்ணும் பையனும் கட்டிப் புடிச்சாங்க, திரை எறங்குச்சு, எல்லாரும் எழுந்தாங்க. முடிஞ்சிடுச்சு வாடின்னு வெளிய இழுத்துக்கினு வந்துட்டாரு. அது இடைவேளைம்மா. இன்னும் இருக்கும்போல இருக்குதுன்னு சொன்னேன். கேட்டாத்தானே.”

“அப்புறம்?”

“ஒரு மணி நேரம் வாசல்ல நின்னோம். பட்டுப்பொடவைக்கு மேல கோட்டு, அப்பவும் பல்லு தந்தியடிக்குது. அதுக்கப்புறம் உள்ள இருந்தவங்க கண்ணத் தொடச்சிக்கினு வராங்க. ஏன் அழுவுறாங்கன்னு கேட்டா, குளுருக்குக் கண்ணுல தண்ணி வருதுன்றாரு.”

தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

“கடைசியில அந்தப் பொண்ணு செத்துப்போயிடுதுன்னு புள்ள வந்து சொன்னான். இவரு ஒத்துக்கல. நம்ம கடைக்கு வரவங்க கிட்டல்லாம் ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சுன்னே சொல்லிக்கினு இருக்காரு.”

“எப்பிடிக்கா செத்துது?”

“அதத்தாம்மா பாக்க விடல,” என்று அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.