வெள்ளைக் கட்டம்

மனைவி: கிட்ட வந்து பாருங்களேன். கம்ப்யூட்டர்ல இருக்கற நம்ம வயல் மேப் என்ன கடிச்சா வச்சிடும்?

கணவன்: இங்கேயிருந்தே தெரியுது. பச்சைன்னா மக்காச்சோளம், மஞ்சள்னா உளுந்து. சீக்கிரம் முடி, டிராக்டர்காரர் வயல்ல காத்துக்கிட்டிருக்கார்.

மனைவி: சிவப்பு?

கணவன்: நிலக்கடலை. கட்டிக்கிட்டவனுக்கே பரீட்சை வைக்கறியா?

மனைவி: கிணத்துக்குப் பின்னால வெள்ளையா ஒரு கட்டம் இருக்கே... அது?

கணவன்: ...பாறையா இருக்கும்.

மனைவி: பாறையா? மண்ணு பொலபொலன்னு இருக்குன்னு காட்டுது. எதையும் போடலாம். ஆனா எதையும் போடாதேங்குது.

கணவன்: உன் கம்ப்யூட்டர் என்னிக்காவது சேத்துல கால் வச்சிருக்கா?

மனைவி: வச்சவங்களைக் கேட்டுத்தானே எங்க ஆபீஸ்ல அதுக்குச் சொல்லிக் கொடுத்தோம். இப்படி மண்ணுன்னா இதைப் போடுன்னு, ஒவ்வொரு விதியா நான்தானே உட்கார்ந்து ஏத்தினேன்.

கணவன்: சரிங்க மகாராணி. அந்த இடத்தை அப்படியே விட்டுடு.

மனைவி: வெள்ளையா விட்டா மேப்பைப் பார்த்து டிராக்டர்காரர் வெறும் தரைன்னு நினைச்சுக்குவார். டிராக்டரை அங்கதான் திருப்புவார். கலப்பையை எறக்கிட்டார்னா...

கணவன்: அங்க எறக்கக் கூடாது!

மனைவி: ஏன் கத்தறீங்க?

கணவன்: யாரு... நானா?

மனைவி: இதுல ‘ஏன்?’னு ஒரு பட்டன் இருக்கு. எதை வச்சுச் சொல்லுதுன்னு காட்டும். அமுக்கட்டா?

கணவன்: வேணாம்... ஏய், வேணாங்கறேன்ல...

மனைவி: அமுக்கியாச்சு. நீங்களே படிங்க.

கணவன்: ‘இங்கே உழக்கூடாது.’

மனைவி: அடுத்த வரி? வாய் விட்டுத்தான் படிங்களேன்.

கணவன்: ‘தூக்கம் கலைந்துவிடும்.’ ...இந்த மிஷினுக்கு யாரு சொன்னது?

மனைவி: எதை?

கணவன்: விளையாடாதே. அங்க இருக்கறது என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

மனைவி: அங்க என்ன இருக்கு?

கணவன்: முதல்ல டிராக்டர்காரருக்கு போன் போடு. நிறுத்தச் சொல்லு.

மனைவி: நீங்க சொல்லுங்க. போடறேன்.

கணவன்: நம்ம பொண்ணு... பொறந்து ஒரு தடவைகூட அழாம போயிட்டாளே, அவ. ஆஸ்பத்திரியிலயே எல்லாம் பார்த்துக்கிட்டாங்கன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். நீ மயக்கத்துல கிடந்தே. இடம் தெரிஞ்சா அங்கேயே விழுந்து கிடப்பியேன்னு பயம். நான்தான் துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்து...

மனைவி: தெரியும்.

கணவன்: தெரியுமா?

மனைவி: வெறும் தரைக்கு யாராவது உங்களை மாதிரி குடம் குடமா தண்ணி ஊத்துவாங்களா? அடுப்படி ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அந்தப் பக்கம் போகவே கூடாதுன்னு டிராக்டர்காரர்கிட்ட காலையிலயே சொல்லியாச்சு. உங்க வாயால வரட்டும்னுதான்...

கணவன்: அடிப்பாவி! அப்போ இதெல்லாம் நீ எழுதினதா? மிஷினுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு என் உயிரே போயிடுச்சு. எழுதினதுதான் எழுதினே, தூக்கம் அது இதுன்னு எதுக்கு...

மனைவி: ‘உழக்கூடாது’ மட்டும்தாங்க நான் எழுதினேன். காலையில திறந்தா கீழே அந்தத் ‘தூக்கம்’ வரி இருந்துச்சு... நீங்கதான் எழுதியிருக்கீங்கன்னு நினைச்சுத்தானே இந்தப் பேச்சையே எடுத்தேன்.