அவள் கழற்றிப் போட்ட செருப்பு

அரைநாள் சுற்றுலாதான் நல்லது, மேடம். முழுநாள் என்றால் மத்தியானத்துக்கு மேல் யார் முகத்தைப் பார்க்கவும் யாருக்கும் பிடிக்காது. காலையில் கிளம்பி, மலையையும் கடலையும் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம். அதைத் தேர்ந்தெடுத்தது நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவள்தான் தேர்ந்தெடுத்தாள் என்று பின்னால் யாராவது சொல்லிவிடுவார்கள்.

அவள் என்றால் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். எங்களுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. என் கணவர் கண் பரிசோதிப்பார், கொழுந்தன் சரக்கு எடுப்பார். நான் பின்னறையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துவேன். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் லென்ஸ் கழன்று விழும், தேய்க்காமல் விட்டால் ஓரம் தெறிக்கும். பன்னிரண்டு வருஷமாக அதுதான் என் வேலை. சின்னவள் முன்னால் இருப்பாள். நான் பொருத்திக் கொடுத்ததை ஒரு துணியால் துடைத்து, வந்தவர் மூக்கில் மாட்டிவிட்டு, "இப்ப தெரியுதா?" என்று கேட்பாள். தெரியாமல் எங்கே போகும்? "உன் கைராசிம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவளும் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் வாழ்க்கை சுலபமாக இருந்திருக்கும். என் சமையலில் உப்புக் குறைந்தால் பத்து வருஷமாகத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன என் மாமியார், அவள் உப்புப் போட மறந்த அன்றைக்கு, "உப்பு கம்மியா இருந்தாத்தான் உடம்புக்கு நல்லது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அப்படித்தான் சிரித்துச் சிரித்தே காலம் தள்ளினேன்.

அவளிடம் ஒரே ஒரு பழக்கம்தான் எனக்கு ஆகாது. செருப்பை வாசலில் ஒழுங்காக விடமாட்டாள். ஒன்று படியில் கிடக்கும், இன்னொன்று கவிழ்ந்து கிடக்கும். கடையிலும் அப்படித்தான். அவள் கழற்றிப் போட்டதை எடுத்து ஜோடி சேர்த்து வைப்பது நான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, செய்தேன் என்று யாரும் பார்த்ததும் இல்லை. கை தானாகப் போய்விடும். இது உங்களுக்கு அற்ப விஷயமாகத் தெரியலாம். ஆனால் நேற்று நடந்தது முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

எனக்கு ஒரே பெண். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சின்னவளுக்குக் குழந்தை இல்லை. என் பெண்ணுக்குத் தலை பின்னிவிடட்டுமா என்று முதலில் என்னைக் கேட்டுத்தான் பின்னிவிட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். போன மழைக்காலத்தில் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். காய்ச்சலில் பிதற்றும் குழந்தை யாரைக் கூப்பிடும், மேடம்? அவள் "சித்தி" என்றாள். நான் எழுந்துபோய்ச் சின்னவளை அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சல் என்று வேண்டுமானால் எழுதுங்கள். பொறாமை என்று எழுதாதீர்கள். பொறாமை அடுத்தவர் பொருள்மேல் வருவது. இது என் பொருள்.

ஃபிரேம் கம்பெனிக்காரர்கள் அவர்கள் செலவில் கடைக்காரர்களைக் குடும்பத்தோடு இந்தத் தீவுக்குக் கூட்டிவந்தார்கள். நேற்றுக் காலையில் ஆண்களுக்கெல்லாம் ஓட்டலிலேயே கூட்டம். அதனால் சுற்றிப்பார்க்கக் கிளம்பியது நான், சின்னவள், என் பெண், மூன்று பேர்தான். வேனில் மற்ற ஓட்டல்களிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். யாரையும் எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் எங்களைத் தெரியாது.

முதலில் மலைமேல் ஏற்றினார்கள். மேலிருந்து பார்த்தால் தீவு முழுவதும் தெரிகிறது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் கடலுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு மணல்திட்டு. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி கலகலப்பான மனிதர். என் கையிலிருந்த போனைக் காட்டி, "அக்கா, நீங்க கொஞ்சம் எடுத்துடுங்களேன். அம்மாவும் பொண்ணும் கம்பி ஓரமா நில்லுங்க" என்றார். அம்மா என்று அவர் சொன்னது சின்னவளை.

நான் எடுத்தேன். "கொஞ்சம் சிரிங்க" என்றுகூடச் சொன்னேன். படம் எடுத்து முடித்த பிறகுதான் சின்னவள், "அய்யோ, அவங்கதாங்க அம்மா! நான் சித்தி" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எடுப்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். என் பெண் எதுவும் சொல்லவில்லை. சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். படம் நன்றாக வந்திருக்கிறது. என் போனில்தான் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள்.

அதற்கப்புறம் படகு. கீழே இருக்கைகளும் மேலே நிற்க ஒரு மாடியும் வைத்த படகு. ஏறும் இடத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடை வைத்திருந்தார்கள். படகுக்குள் செருப்புப் போட்டால் வழுக்கும், அதனால் ஏறும்போது எல்லாரும் கழற்றிக் கூடையில் போட்டுவிட வேண்டும். இறங்கும்போது எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வழிகாட்டி அதையே ஆள் எண்ணவும் வைத்துக்கொண்டார். "தலையை எண்ணினா தப்பிடும். ஒருத்தர் மாடிக்குப் போவார், ஒருத்தர் குனிவார். செருப்பு குனியாது பாருங்க. எல்லா ஜோடியும் கூடைக்கு வந்துட்டா வண்டி கிளம்பும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன்.

மணல்திட்டில் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் வடியும்போது மட்டும் தலைகாட்டும் திட்டு அது. தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று வழிகாட்டி இரண்டு தடவை சொன்னார். அந்தக் கோடியில் ஆளுயரத்துக்கு ஒரு கரும்பாறை. சின்னவள் இறங்கியதுமே வழக்கம்போலச் செருப்பை உதறிவிட்டுத் தண்ணீரில் நடக்கத் தொடங்கினாள். மஞ்சள் செருப்பு, என் பெண் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ஒன்று இங்கே கிடந்தது, ஒன்று அங்கே.

குழந்தை அவளிடம் சங்கு கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. நான்தான் சின்னவளிடம், "பாறைக்கு அந்தப் பக்கம் நிறைய கிடக்காம், போய்ப் பாரு. அவசரமில்ல, கிளம்பறப்ப நான் வந்து கூப்பிடறேன்" என்றேன். அங்கே சங்கு கிடக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. "சரிக்கா" என்று போனாள். நான் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டாள், அந்த நல்ல குணம் அவளிடம் உண்டு. அவளுக்கு நீந்தத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

விசில் அடித்ததும் எல்லாரும் படகுக்குத் திரும்பினார்கள். நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். வழியில் அந்த மஞ்சள் செருப்பு கிடந்தது. எடுத்தேன். மணலைத் தட்டினேன். ஜோடி சேர்த்துக் கூடையில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவளைத் தள்ளவில்லை, அடிக்கவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. தினமும் வீட்டு வாசலில் செய்வதைத்தான் அங்கேயும் செய்தேன். வழிகாட்டி கூடையை எண்ணிப் பார்த்துவிட்டு, கிளம்பலாம் என்று கையைக் காட்டினார்.

படகு திரும்பும்போது அவள் பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவள் கூப்பிட்டது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் முன்பக்கம் டால்பின் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவள் கையைக் கீழே இறக்கி, நின்று காத்திருந்தாள். அக்கா பார்த்துவிட்டாள், இனிமேல் கவலையில்லை என்று நினைத்திருப்பாள்.

"சித்தி எங்கம்மா?" என்று குழந்தை கேட்டாள்.

"மேல் மாடியில இருக்கா கண்ணு. காத்து வாங்கறா."

"நானும் போறேன்."

"படகு ஆடுது, விழுந்துடுவே. அம்மா மடியில படுத்துக்கோ."

படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனாள். என் மடியில் அவள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று எனக்கே நினைவில்லை. முடியைக் கோதிவிட்டுக்கொண்டே வந்தேன். இளங்காற்று, தெளிந்த கடல். மேடம், உண்மையைச் சொல்லவேண்டும் என்றுதானே வந்திருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வருஷக்கணக்காகிறது.

கரையில் எல்லாரும் அவரவர் செருப்பை எடுத்துக்கொண்ட பிறகு கூடையில் மஞ்சள் ஜோடி மட்டும் மிஞ்சியது. வழிகாட்டி அதைத் தூக்கிப் பிடித்து, "இது யாரோடதுங்க?" என்று கேட்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் படகைத் திருப்பியிருப்பார்கள். திறக்கத்தான் செய்தேன். "எங்களோடதுதான்" என்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். குழந்தை மறுபடியும் சித்தி எங்கே என்றாள். முன்னாடியே இறங்கி ஓட்டலுக்குப் போய்விட்டாள் என்றேன்.

"செருப்பில்லாமயா?" என்றாள்.

பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். வேனில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓட்டலில் கொழுந்தன் வாசலிலேயே நின்றிருந்தார். "அவ எங்க அண்ணி?" என்றார். "உங்ககூட இல்லையா தம்பி?" என்றேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். வலை எடுக்கப்போன மீனவர் ஒருவர், கழுத்தளவு தண்ணீரில் பாறையைக் கட்டிப்பிடித்திருந்தவளைப் பார்த்துத் தூக்கி வந்தார். செய்தி வந்ததும் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். என் கணவர் என் முதுகைத் தடவி, "அதான் கிடைச்சிட்டாளே, அப்புறம் ஏன் அழறே?" என்றார். நான் ஏன் அழுதேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அவள் கிடைத்துவிட்டாள் என்றுதான் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் அவள் இரண்டு உள்ளங்காலிலும் கட்டு. சிப்பி கிழித்திருந்தது. நீங்கள் வந்து விசாரித்தபோது, "நான்தான் யார்கிட்டயும் சொல்லாம பாறைக்குப் பின்னாடி போயிட்டேன். அக்கா நான் மாடியில இருக்கேன்னு நினைச்சிருப்பாங்க. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் காப்பி குடிக்கப் போன சமயத்தில் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, நீங்க கை ஆட்டினத நான் யார்கிட்டயும் சொல்லல. சாகறவரைக்கும் சொல்லமாட்டேன்" என்றாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், மேடம். இல்லவே இல்லை.

என் பெண் அவள் கட்டிலிலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டேன், வரவில்லை. சின்னவள் அவள் கன்னத்தைத் தட்டி, "அம்மாகிட்ட போ கண்ணு, அம்மா பயந்து போயிருக்காங்க" என்றாள். உடனே வந்தாள். என் பெண், என்னிடம், அவள் சொன்னதால் வந்தாள். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சரியாகச் செய்கிறேனா என்று சித்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

விடிந்ததும் நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். மனசாட்சி என்று நீங்கள் நினைத்தால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவள் போட்ட பிச்சையில் ஆயுசு முழுக்க என் குழந்தையை நான் வளர்க்க முடியாது. நேற்று நடந்தது தவறுதல் இல்லை, மறதி இல்லை. அவள் சாகவேண்டும் என்று நினைத்து, நான், நானாகவே செய்தேன். புகார் இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளாமே. அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். இந்த ஒரு காரியமாவது என்னுடையதாக இருக்கட்டும்.

நேற்று அவளிடம் விசாரித்து முடித்து எழுந்தபோது, "நல்ல மனசும்மா உங்களுக்கு" என்று சொன்னீர்கள். அது என் காதில் விழுந்தது. பரவாயில்லை, எல்லாரும் சொல்வதுதான், நீங்கள் மட்டும் என்ன விதிவிலக்கா? தண்ணீரெல்லாம் வேண்டாம் மேடம், எழுதுங்கள். அவள் சொன்னது எத்தனை பக்கம் வந்தது? எனக்கு அதைவிட ஒரு பக்கமாவது கூடுதலாக வரவேண்டும்.