பூட்டிவைத்த நோவு மருந்து

மூன்றாம் வகுப்போடு நின்று மூன்று லொறி வாங்கியவன் நான். எனக்குத் தெரியாத விசயம் குறைவு. கிண்ணியா பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் தன் தங்கச்சியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"வாப்பாட நோவு மருந்தை அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டன்."

"என்ன காக்கா! புற்றுநோய்க்கு டொக்டர் தந்ததல்லவா?"

"குடிச்சா மயங்கிடுவார். உசிர் போற மௌத்து நேரம் அல்லாஹ்வ நினைச்சுக் கலிமா சொல்ல ஏலாமப் போயிடும்."

சரியான கதை என்று நானும் தலையாட்டினேன்.

"அளவாக் குடுத்தா மயங்கமாட்டாரெண்டு டொக்டர் சொன்னவர்தானே. நோவுல பல்லைக் கடிச்சிட்டுக் கிடக்கிறார். அந்த வாய் கலிமாவுக்கு எப்படித் திறக்கும்?"

 காக்கா போனை எடுத்தார்.

"உம்மா, சாவி என்ட தலகணிக்குக் கீழ. டொக்டர் சொன்ன அளவை இப்பவே குடுங்க."

காக்காவின் பக்கம் பேச நானும் வாயெடுத்தவன்தான். நல்லவேளை, வாய் நிறைய வெற்றிலை இருந்தது.