திருப்பிக் கேக்காத மிஷினு

இல்ல தம்பி, அந்தப் பெரிசு வேணாம். முன்கண்ணாடில பாதிய மறச்சிக்கும். அப்பறம் ரோடு எங்க இருக்குதுன்னு கண்டுபுடிக்க இன்னொரு மிஷினு வாங்கணும். இந்தச் சின்னத எடுங்க. ஆங், அதான். கொஞ்சம் ஆன் பண்ணிக் காட்டுங்க.

ஃபோனுலயே மேப்பு இருக்குதுங்களா? இருக்குது. தோ பாருங்க, நானும் தடவுற ஃபோனுதான் வெச்சிருக்கேன். கோமுகி அணைய தாண்டி நாலு வளைவு ஏறுனா இது செத்துப்போயிடுது. அதுல நீல கலர்ல ஒரு புள்ளி வருமே, நாம இருக்குற எடம்னு, அது அணத் தண்ணியிலயே நின்னுக்கினு இருக்குது. நான் பாட்டுக்கு மல ஏறிக்கினு இருக்கேன். மேப்புப்படி பாத்தா நான் முழுவிச் செத்து அர மணி நேரம் ஆச்சு.

அப்ப இது டவரு கேக்காதுன்றீங்க. சாட்டிலைட்டா? அத்தினி ஒயரத்துல இருந்து என் ஆம்னி வண்டிய பாத்துக்கினு இருக்கப் போவுதா? பாவம், அதுக்கு வேற வேல இல்லியா தம்பி.

எதுக்கா? சொல்றேன். வர்ற ஞாயித்துக்கெழம மதியானச் சாப்பாட்டுக்குள்ள, மலமேல ஒருத்தங்க முன்னாடி போயி நிக்கணும். வழி காட்டுற மிஷினு இல்லாம வந்தா வாசப்படி ஏறாதீங்கன்னு கண்டிசனா சொல்லிட்டாங்க. அதான். இன்னிக்கி இங்க காரியம் முடிஞ்சா போவேன். முடியலன்னா, அந்த மலய இனிமே கீழ இருந்தே பாத்துக்க வேண்டியதுதான். நல்லாதான் தெரியுது, மேகம் இல்லாத நாள்ல.

பெரியவரேன்னு கூப்புடாதீங்க தம்பி. சாயம்லாம் அடிச்சிக்கினு வந்திருக்கேன், பாருங்க. பாதி முடியில புடிச்சிது, மீதி துண்டுல புடிச்சிக்கிச்சி.

ஆமா ஆமா, மூணாவது வாட்டிதான். ஞாபகம் வெச்சிருக்கீங்க. மொத வாட்டி வந்தப்ப மிஷினு கேக்கலாம்னுதான் வந்தேன். எங்க போவறதுக்குன்னு நீங்க கேட்டுடுவீங்களோன்னு வாய் வரல. தல ஆட்டுற நாய் பொம்ம ஒண்ண வாங்கிக்கினு போயிட்டேன். குத்தம் சொல்லக்கூடாது, நல்லா ஆட்டுது. நான் இன்னா சொன்னாலும் சரிசரின்றது. எங்க குடும்பத்துல என் பேச்சுக்கு தலயாட்டுற மொத ஜீவன் அதுதான். ரெண்டாவது வாட்டி ஸ்டேரிங்கு கவரு. அது வண்டிக்கி சேரல. சேராதுன்னு நீங்க சொன்னீங்க, நான்தான் பரவால்ல குடுங்கன்னு வாங்கினேன். இந்த ரோட்டுல எத்தன கட இருக்குது, ஒங்க கட போர்ட பாத்துட்டுதான் மூணு வாட்டியும் வந்தேன்.

பேரா? பேரு எதுக்கு, பில்லுக்கா? சும்மா ஆம்னின்னு போட்டுக்கங்க. அது இன்னும் கொஞ்சம் போவட்டும்.

செரி, இப்ப கேக்குறதுதான் முக்கியம். இது திருப்பி கேக்குமா?

புரியலியா. நாம எந்த எடம்னு சொன்னா இது வழி சொல்லுது இல்ல? சொல்றதுக்கு முன்னாடி, யாரு வூட்டுக்கு, இன்னா விசயமா, எந்த ஊரு நீங்க, யாரு புள்ளன்னு எதுனா கேக்குமா?

கேக்காதா! சிரிக்காதீங்க தம்பி. நம்ம பக்கம் வழி கேட்டுப் பாத்திருக்கீங்களா? கச்சிராயபாளையத்துல ஒரு டீக்கடையில வண்டிய நிறுத்தி, மலைக்கி இப்பிடியே போவலாமான்னு ஒரு வார்த்த கேட்டேன். கேட்டது அவ்ளோதான். பேப்பரு படிச்சிக்கினு இருந்த ஆளு, யாரு வூட்டுக்குன்னாரு. சும்மான்னேன். சும்மா எவனாவது ஒண்டியா மலைக்கி போவானா, அதுவும் சலவ சட்ட போட்டுக்கினுன்னாரு. எந்த ஊருன்னாரு. சொன்னேன். அட, அங்க ஆண்டாள தெரியுமான்னாரு. என் தங்கச்சிங்கன்னேன். போச்சி. ஆண்டாளு வூட்டுக்காரருக்கு அவரு ஒண்ணுவிட்ட மச்சானாம். கதவ தொறந்து வண்டில ஏறி ஒக்காந்துக்கினாரு. அண வரைக்கும் வர்றேன், வழி காட்டுறேன்னாரு. வழி நேரா ஒரே ரோடு தம்பி. அதுல அவரு காட்டுறதுக்கு இன்னா இருக்குது? காட்டுனது பூரா என் கத. அண வர்றதுக்குள்ள என் வூட்ல எத்தன தென்னமரம்னு வரைக்கும் வாங்கிட்டாரு.

சாயந்திரம் நான் வூடு வந்து சேர்றதுக்கு முன்னாடியே தகவல் வந்து சேந்துடுச்சி. ஆண்டாளு வாசல்லயே நிக்கிறா. இன்னா அண்ணே, மலைக்கி போனியாமேன்றா. எனக்கு திடீர்னு ஒண்ணும் தோணல. சாம வாங்கப் போனேம்மான்னு சொல்லிட்டேன். சொன்னா வாங்கணும் இல்ல? அடுத்த வாட்டி போனப்ப ஒரு மூட்ட சாம அரிசி. அதுக்கடுத்த வாட்டி இன்னொரு மூட்ட. இப்ப ரெண்டு வூட்லயும் காலைல சாமக்கஞ்சி, மதியானம் சாமச்சோறு. ஒடம்புக்கு நல்லதுதான். ஆனா ஆண்டாளு வூட்டுக்காரரு என்ன பாத்தா மொகத்த திருப்பிக்கினு போறாரு.

அதுக்கப்பறம் எவனையும் கேக்குறதில்லன்னு வைராக்கியமா ஒரு நாளு கெளம்பினேன். கேக்கல. மலய ஒரு பக்கமா ஏறி இன்னொரு பக்கமா எறங்கிட்டேன். வண்டிய நிறுத்தி போர்ட பாத்தா சங்கராபுரம்னு இருக்குது. பிரேக்கு சூடாயி நாத்தம் அடிக்குது. அவ்ளோ பெரிய மல, அத தாண்டினது கூட தெரியாம வந்திருக்கேன் பாருங்க.

எனக்கு வழியே தெரியாது தம்பி. எப்பவுமே தெரியாது. முன்ன என் வூட்டுக்காரி பக்கத்துல ஒக்காந்துக்கினு சொல்லுவா. செந்தமிழ்ச்செல்வின்னு பேரு. திரும்ப வேண்டிய எடத்த தாண்டின பெறவுதான் சொல்லுவா, தோ அங்க திரும்பியிருக்கணும்னு. ஆனா சொல்லுவா. ஸ்டேரிங்கு என் கையில இருந்துச்சி, வண்டிய ஓட்டுனது அவதான். அவ போயி ஆறு வருசமாச்சு. அந்த சீட்டுல இப்ப தேங்கா மூட்டதான் ஒக்காந்துக்கினு வருது. அது ஒண்ணும் சொல்றதில்ல.

செரி, அத விடுங்க. தப்பா திரும்பிட்டா இது திட்டுமா? திட்டாதா? மறுக்கா கணக்கு போட்டு பொறுமையா சொல்லுமா? எத்தன வாட்டி தப்புனாலுமா? அட! தமிழ்லயே சொல்லுதா, எங்க, கொஞ்சம் பேச வுடுங்க. பாருங்களேன், எவ்ளோ மரியாதையா சொல்லுது, எடது பக்கம் திரும்பவும்னு. எங்க ஊர்ல இத ஏத்தி வெச்சா மாட்டுக்கு கூட வழி சொல்லும் போல.

இந்த ஓரத்துல வூடு படம் ஒண்ணு போட்டிருக்குதே, இது இன்னாது? நம்ம வூடு எங்க இருக்குதுன்னு ஒரு வாட்டி போட்டு வெச்சிட்டா போதுமா? எங்க தொலஞ்சி போனாலும் இத அமுக்குனா கொண்டாந்து சேத்துடுமா? நல்லாருக்குதே. இல்ல இல்ல, இப்ப போடாதீங்க. எங்க ஊர போடாதீங்க. அத கடேசில சொல்றேன்.

அவங்க யாருன்னா? ம். போன ஆடியில தங்கச்சி குடும்பத்தோட அருவி பாக்க மலைக்கி போனோம். எல்லாரும் அருவி பாத்தாங்க. நான் ஒருத்தங்க வாசல்ல ஒக்காந்து சோறு துன்னேன். கருவேலம்பாடி அருவியா பெரியார் அருவியான்னு கேட்டா எனக்கு தெரியாது, மொச்சக்கொழம்புன்னு கேட்டா தெரியும். அதுக்கப்பறம் வழி தப்பிட்டேன் வழி தப்பிட்டேன்னு சொல்லிக்கினு அதே வாசல்ல போயி நின்னேன். பாதி வாட்டி பொய்யி. பாதி வாட்டி நெசமாவே தப்பிதான் போனேன், அதான் வேடிக்க. அவங்க ஒரு நாளு கேட்டுட்டாங்க. வழி தப்புறவரு, எப்பிடிங்க கரெக்டா நான் சோறு வடிக்கிற நேரமா பாத்து தப்புறீங்கன்னு.

நல்லா சிரிங்க. நானும் அங்க அப்பிடிதான் நின்னேன், பல்ல இளிச்சிக்கினு. ரொம்ப கண்டிசன் அவங்க. துன்னுட்டு எலய அவங்கவங்கதான் எடுக்கணும். எலயில கறிவேப்பிலைய ஒதுக்கி வெச்சிட்டா போதும், சின்னப் புள்ளய அதட்டுற மாதிரி பக்கத்துலயே வந்து நின்னுக்குவாங்க. முழுங்குங்கன்னுவாங்க. எனக்கு கறிவேப்பிலன்னா சின்ன வயசுலயே ஆவாது தம்பி. இப்ப முழுங்குறேன்.

இன்னா, சிரிப்ப நிறுத்திட்டீங்க?

இல்ல, கையில இருக்குறத கீழ வெச்சிடுங்க, கண்ணாடி மிஷினு. ஒக்காருங்க. நான் நின்னுக்கினே சொல்லிடுறேன், ஒக்காந்தா எனக்கு வாய் வராது.

ஒவ்வொரு வாட்டியும் கெளம்பும்போது அவங்கதான் வாசல் வரைக்கும் வந்து, இப்பிடிப் போயி அப்பிடித் திரும்புங்கன்னு கைய காட்டுவாங்க. போன வாட்டி காட்டல. கைய கட்டிக்கினு நின்னாங்க. தெனம் தெனம் வழி சொல்ல என்னால ஆவாது, கள்ளக்குறிச்சில ஒரு கட இருக்குது, அங்க போயி வழி காட்டுற மிஷினு ஒண்ணு வாங்கிக்கினு அப்பறம் வாங்கன்னாங்க. எந்த ரோடு, எந்த கடன்னு எல்லாம் சொன்னாங்க. வேற கடையில வாங்கினா இந்தப் பக்கமே வராதீங்கன்னாங்க.

எனக்கு மண்டையில ஏறல தம்பி. மிஷினத்தான் சொல்றாங்கன்னு நெனச்சிக்கினு ரெண்டு வாரம் சுத்தினேன். பெறவு ஒரு நாளு மனசு தாங்காம ஆண்டாளாண்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவ தலயில அடிச்சிக்கினா. அட கூறுகெட்ட அண்ணே, மிஷினு வாங்கவா அனுப்பிச்சாங்க? அது அவங்க புள்ள கட, அவர பாத்து சம்மதம் கேட்டுக்கினு வான்னு அனுப்பிச்சிருக்காங்கன்னா. அப்பதான் ஒங்க கட போர்டு எனக்கு நெனப்பு வந்துச்சி. மொத வாட்டி வந்தப்பவே அண்ணாந்து படிச்சேன். ஜெயம்மாள் கார் அலங்காரம்னு, அவங்க பேரேதான். படிச்சிட்டு நாய் பொம்ம வாங்கிக்கினு போனவன் நான்.

ஆமா தம்பி. வெள்ளிமலையில மெஸ்ஸு வெச்சிருக்காங்களே, ஒங்க அம்மாதான்.

தப்பா ஒரு வார்த்த பேசினதில்ல. அவங்களும் நானும். எல எடுத்து போட்டேன், தண்ணி சேந்தி குடுத்தேன், சாம மூட்டய அவங்க சொன்ன வூட்ல வாங்கினேன். அவ்ளோதான். நீங்க கூப்புட்டும் கீழ வந்து இருக்க மாட்டேன்றாங்கன்னு ஒங்களுக்கு வருத்தம், அதயும் சொன்னாங்க. நான் அவங்கள கீழ இட்டுக்கினு வரமாட்டேன். நான்தான் மேல போவேன். எனக்கும் எங்க ஊர்ல கெணத்தையும் நாய் பொம்மையையும் தவுர யாரு இருக்காங்க? ஆண்டாளுக்கு என்ன அனுப்பிட்டா சாமச்சோத்துல இருந்து விடுதல.

மிஷினு வெலய அப்பறம் பேசிக்கலாம். அந்த வூடு படம் இருக்குது பாருங்க, அத நீங்க அமுக்குங்க. வெள்ளிமலைய போட்டுக் குடுத்தீங்கன்னா ஞாயித்துக்கெழம போறேன். எங்க ஊர போட்டுக் குடுத்தீங்கன்னா அதயும் வாங்கிக்கிறேன், ஒங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. நேரா அங்கியே போயிடறேன்.

இன்னா தம்பி? சொல்லுங்க. திட்டுனாலும் திட்டுங்க.

இன்னா கேட்டீங்க? மறுக்கா கேளுங்க.

எந்த ஊரு, யாரு புள்ளன்னா?

கேளுங்க தம்பி, நல்லா கேளுங்க. இத்தினி நாளா எவன் கேட்டுடுவானோன்னு பயந்துக்கினு மலய சுத்தி சுத்தி வந்தேன், இப்ப நீங்க கேக்குறீங்க, எனக்கு எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. அந்த ஸ்டூல இப்பிடி தள்ளுங்க, இப்ப ஒக்காந்தே சொல்றேன். களமருதூரு. ஏரிக்கரத் தெரு. கண்ணாயிரம் மவன் அம்மாசி.